படாங் செராயில் ஒரு வாடகை வீடு: வாங்கும் முன் போட்ட கணக்கும் ஓராண்டு கழித்து வந்த கணக்கும்

2024 ஜனவரியில் என் தங்கை மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். வீட்டு ஏஜெண்ட் ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்த அந்தத் தாளில் மூன்றே வரிகள் இருந்தன. வாடகை 900 ரிங்கிட், வங்கித் தவணை 778 ரிங்கிட், மாதம் மிச்சம் 122 ரிங்கிட். "மாமா, வீடே தன் கடனைக் கட்டிக்கொள்ளுமாம்" என்றான். தோட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து, தொழிலாளர்களின் வருகையையும் கூலியையும் பதியும் செக்ரோல் எழுதியவன் நான். மூன்று வரியில் முடிந்துவிடும் கணக்கு எதையும் அங்கே நான் கண்டதில்லை. அந்தத் தாளில் விடுபட்டவற்றைத் தேடிப் பிடித்ததும், அதன் பிறகு நாங்கள் எடுத்த முடிவும், அந்த முடிவு ஓராண்டில் எப்படி நடந்தது என்பதும்தான் இந்த ஆய்வு.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். படாங் செராய் மலேசியாவின் கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள தோட்டப்புறச் சிறுநகர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் இருக்க, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியிருக்கின்றன. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு அங்குள்ள ஆலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருவோர் இங்கே வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினர். என் தங்கை மகனும் அந்த ஆலைகளில் ஒன்றில் டெக்னீஷியன். வயது 31, அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட், கார் கடன் மாதம் 540 ரிங்கிட், குடியிருப்பது தாயாரின் வீட்டில். அவன் வாங்க நினைத்தது வாடகைக்கு விடும் வீடு.

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கம் எங்கள் மக்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற அச்சத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டியதும், அச்சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் இதே கெடாவில் இருப்பதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தும் அந்த உணர்வை வாடகை வீட்டுக் கணக்கில் சேர்த்தால் கணக்கு கெட்டுப்போகும். அதைத் தங்கையிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் வீடு

ஏஜெண்ட் காட்டியது மூன்று அறைகள் கொண்ட ஒற்றை மாடி வரிசை வீடு. கேட்ட விலை 190,000 ரிங்கிட். முதலில் வாடகையைச் சரிபார்த்தோம். அதே தாமானில் ஐந்து வீட்டுக்காரர்களை நேரில் கேட்டதில், குடும்பங்கள் தரும் வாடகை 700 முதல் 750 ரிங்கிட் வரைதான் என்று தெரிந்தது. 900 ரிங்கிட் கொடுத்தது ஒரே ஒரு வீடு, அதையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்க ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்திருந்தார். தொழிலாளர் தங்குமிடத்துக்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் தேவை. அதைப் பெறும் பொறுப்பு முதலாளியுடையது என்றாலும், வீடு அந்தத் தரத்தில் இல்லாவிட்டால் அந்த வாடகையும் கிடைக்காது. அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். ஓவர்டைம் செய்து 2,500 ரிங்கிட் எடுக்கும் ஒரு குடும்பத் தலைவர் 900 ரிங்கிட்டை வாடகைக்கு ஒதுக்குவார் என்று நான் நம்பவில்லை. 750 என்று எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது தவணை. 778 ரிங்கிட் என்ற எண் பொய்யன்று. 190,000 ரிங்கிட்டில் 90 விழுக்காடான 171,000 ரிங்கிட்டை 4.2 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்குப் பரப்பினால் அதுவே வரும். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் அவ்வீட்டுக்கு 180,000 ரிங்கிட்தான் மதிப்புக் கொடுத்தார். விலை, மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான் வங்கி 90 விழுக்காடு தரும் என்பதால் கடன் 162,000 ரிங்கிட்டாகச் சுருங்கியது, கையிலிருந்து போட வேண்டிய முன்பணம் 19,000 ரிங்கிட்டிலிருந்து 28,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 30 ஆண்டுத் தவணை 792 ரிங்கிட்.

தாளில் அறவே இல்லாதது வாங்கும் செலவு. பெயர் மாற்றப் பத்திரத்துக்கு முத்திரை வரி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடும் அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடும் ஆகும் என்பதால் 2,800 ரிங்கிட் வந்தது. வழக்கறிஞர் கட்டணம், 2023-இல் திருத்தப்பட்ட விகிதப்படி 1.25 விழுக்காடு, வாங்கும் ஒப்பந்தத்துக்கு 2,375 ரிங்கிட், கடன் ஒப்பந்தத்துக்கு 2,025 ரிங்கிட். கடன் ஒப்பந்த முத்திரை வரி 0.5 விழுக்காடு, அதாவது 810 ரிங்கிட். கட்டணங்களின் மீது 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாகும் சேவை வரி 352 ரிங்கிட். மதிப்பீடு, நிலப் பதிவுச் சரிபார்ப்பு, சில்லறைச் செலவுகளுக்கு 1,500 ரிங்கிட் ஒதுக்கினோம். கூரை ஒழுகியது, மின்கம்பி பழையது, கழிவறைத் தரை பெயர்ந்திருந்தது. கொத்தனாரை அழைத்துச் சென்று காட்டியதில் அவர் 9,000 ரிங்கிட் என்றார். ஆக, முன்பணம் நீங்கலாகவே 18,862 ரிங்கிட். முன்பணத்தோடு சேர்த்தால் முதல் வாடகை கைக்கு வருமுன் 46,862 ரிங்கிட் போக வேண்டும். அவனிடம் இருந்த சேமிப்போ 25,000 ரிங்கிட்.

மீதியை ஊழியர் சேமநிதியில் அப்போதிருந்த இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்றான். எடுக்க முடியும், ஆனால் அந்தப் பணம் சும்மா கிடக்கும் பணம் அல்லவே. சேமநிதி 2023-ஆம் ஆண்டுக்கு அறிவித்த லாப ஈவு 5.5 விழுக்காடு. 22,000 ரிங்கிட்டை எடுத்தால் ஆண்டுக்கு 1,210 ரிங்கிட்டை விட்டுக்கொடுப்பதாகும். வாடகை வீட்டின் செலவுக் கணக்கில் அதையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

இனி ஆண்டுக் கணக்கு. 750 ரிங்கிட் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 9,000 ரிங்கிட். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று 750, பழுதுபார்க்க வாடகையில் பத்தில் ஒரு பங்கு 900, விற்பவரிடம் வாங்கிப் பார்த்த ரசீதுகளின்படி நில வரியும், கதவு வரி எனப்படும் உள்ளாட்சி மன்ற வரியும் சேர்ந்து 294, தீக் காப்புறுதி 160, ஈராண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினால் ஏஜெண்டுக்குத் தரும் ஒரு மாத வாடகையின் பாதி 375. மொத்தம் 2,479 ரிங்கிட் போக மிஞ்சுவது 6,521 ரிங்கிட். தவணையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 9,507 ரிங்கிட். மாதம் 122 மிச்சம் என்ற இடத்தில் மாதம் 249 துண்டு விழுந்தது. கடனை 35 ஆண்டாக நீட்டிப் பார்த்தாலும் 193 குறைந்தது.

இந்த இடத்தில் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "தவணையில் ஒரு பகுதி அசலுக்குப் போகிறதே மாமா, அது என் சொத்துதானே?" உண்மைதான். முதல் ஆண்டில் கட்டும் 9,507 ரிங்கிட்டில் சுமார் 2,755 ரிங்கிட் அசலைக் குறைக்கிறது. ஆனால் அதே ஆண்டில் அவன் சம்பளத்திலிருந்து போட வேண்டிய துண்டு 2,986 ரிங்கிட். அசலில் குறையும் ஒவ்வொரு காசும் வாடகைக்காரர் தந்ததன்று, அவன் சட்டைப்பையிலிருந்து போனது. அதற்கு மேல் 231 ரிங்கிட்டும் போகிறது.

இப்படி நேர்வது தற்செயலன்று. வீட்டின் மொத்த அடக்கவிலை 208,862 ரிங்கிட், நிகர வருவாய் 6,521 ரிங்கிட், அதாவது 3.1 விழுக்காடு. கடன் வட்டி 4.2 விழுக்காடு. 3.1 ஈட்டும் பொருளை 4.2-க்குக் கடன் வாங்கிப் பிடித்தால், கடன் கூடக் கூட நட்டமும் கூடும். வாடகையையும் தவணையையும் ஒப்பிடும் தாளில் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் ஆண்டுகளை நீட்டித் தவணையை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக் காட்டலாம். நிகர வருவாய் விழுக்காட்டையும் வட்டி விழுக்காட்டையும் அருகருகே வைத்த பிறகுதான் என் தங்கை மகன் அமைதியானான். விற்பவர் 182,000 வரை இறங்கினார். கணக்கை மறுபடி போட்டதில் 3.25 விழுக்காடு வந்தது. விட்டுவிட்டோம்.

விலை ஏறுமே என்று ஏஜெண்ட் சொன்னார். ஏறலாம். நான் அதைக் கணக்கில் சேர்க்க மறுத்ததற்குக் காரணம் உண்டு. பெருநகரில் நிலம் தட்டுப்பாடானது, தோட்டப்புற நகரிலோ சுற்றிலும் தோட்ட நிலம் கிடக்கிறது. ஒரு தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறினால் ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கான புது வீடுகள் வந்து பழைய வீட்டின் விலையையும் வாடகையையும் அமுக்கிவிடும். அப்படியே ஏறினாலும், வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடும் சொத்து லாப வரியாகப் போகும். ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமகனுக்கு அவ்வரி இல்லை.

இடையில் ஒரு வீடு

இடையில் 95,000 ரிங்கிட்டுக்கு ஒரு விளம்பரம் வந்தது. விலையைப் பார்த்து அவன் மகிழ்ந்தான். கிரானின் (நில உரிமைப் பத்திரத்தின்) நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று எழுதியிருந்தது. மலாய்க்காரர் அல்லாத அவன் பெயருக்கு மாற்றவே முடியாது. முன்பதிவுப் பணம் கொடுக்குமுன் கிரானைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் வீடு

பிப்ரவரி இறுதியில் கிடைத்தது இரண்டு அறைகள் கொண்ட ஒரு பழைய மலிவு விலை வரிசை வீடு. பேசி முடித்த விலை 118,000 ரிங்கிட், வங்கியின் மதிப்பும் அதையொட்டியே வந்தது. அக்கம்பக்கத்து வாடகை 650 ரிங்கிட். கடன் 106,200 ரிங்கிட், முன்பணம் 11,800 ரிங்கிட், பழுதுபார்க்க 6,000 உட்பட வாங்கும் செலவு 12,418 ரிங்கிட். கையிலிருந்து போவது 24,218 ரிங்கிட் என்பதால் சேமநிதியைத் தொட வேண்டியதில்லை, ஆனால் சேமிப்பு ஏறக்குறைய முழுதும் கரைந்துவிடும். அதனால் ஒரு மூன்று மாதம் ஓவர்டைம் பணத்தைத் தனியே ஒதுக்கி 2,500 ரிங்கிட் கையிருப்புச் சேர்த்த பிறகே கையெழுத்திடலாம் என்றேன். விற்பவர் காத்திருக்கவில்லை. கையிருப்பில்லாமலே மார்ச்சில் கையெழுத்தானது. அது தவறு என்று அப்போதே எழுதி வைத்தேன்.

ஆண்டு வாடகை 7,800 ரிங்கிட்டில் காலி மாதத்துக்கு 650, பழுதுக்கு 800, வரிகளுக்கு 210, காப்புறுதிக்கு 130, ஏஜெண்டுக்கு 325 என்று 2,115 ரிங்கிட்டைக் கழித்தால் 5,685 மிஞ்சுகிறது. அடக்கவிலை 130,418 ரிங்கிட்டுக்கு இது 4.36 விழுக்காடு. வட்டியைவிட மயிரிழை அதிகம், அவ்வளவுதான். தவணை மாதம் 519 ரிங்கிட் என்பதால் ஆண்டில் 547 ரிங்கிட், அதாவது மாதம் 46 ரிங்கிட் துண்டு விழும். ஆனால் முதல் ஆண்டில் அசல் சுமார் 1,806 ரிங்கிட் குறையும். இங்கே அசலின் பெரும்பகுதியை வாடகைக்காரரே கட்டுகிறார். முதல் வீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். கடன் வட்டி, 2022 ஆகஸ்ட் முதல் வழக்கிலுள்ள தரப்படுத்தப்பட்ட அடிப்படை விகிதத்துக்கு மேல் 1.2 விழுக்காடு. அந்த அடிப்படை விகிதம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவிக்கும் ஓபிஆர் என்ற கொள்கை வட்டி விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு விழுக்காடு ஏறினால் தவணை 583 ரிங்கிட்டாகும், முதல் வீடாக இருந்தால் 792 என்பது 890-ஐத் தொட்டிருக்கும். மாதம் 64 கூடுவதை அவன் தாங்குவான்.

கடன் காலத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. 35 ஆண்டு என்றால் தவணை 483 ரிங்கிட். மாதம் 36 குறையும், ஆனால் கடைசிவரை கட்டினால் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 15,900 ரிங்கிட் கூடுதலாகப் போகும். நான் 30 ஆண்டு என்று பிடிவாதமாக நின்றேன். கையிருப்பே இல்லாத ஒருவனுக்கு அது சரியான யோசனைதானா என்று இப்போது எனக்கே ஐயம் உண்டு.

கணக்கில் எண்ணாக எழுத முடியாத ஒரு செலவும் இருந்தது. ஒருவர் தம் வாழ்நாளில் வாங்கும் முதல் வீட்டுக்கு, அது 500,000 ரிங்கிட் வரையிலானதாக இருந்தால், 2021 முதல் முத்திரை வரி விலக்கு நடப்பில் உள்ளது; மேலே போட்ட கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை. அதைக் கேட்டுப் பெற்றாலும் பெறாவிட்டாலும், ஒரு வீடு தன் பெயருக்கு வந்த மறுநாளே "முதல் வீடு வாங்குபவர்" என்ற தகுதி போய்விடும். நாளை அவன் திருமணமாகிக் குடியிருக்க 400,000 ரிங்கிட் வீடு வாங்கினால், பெயர் மாற்றத்துக்கு 7,000, கடன் ஒப்பந்தத்துக்கு 1,800 என்று 8,800 ரிங்கிட் சலுகை கைநழுவும். 90 விழுக்காடு கடன் என்பதும் முதல் இரு வீடுகளுக்கு மட்டுமே, மூன்றாவதுக்கு 70 விழுக்காடுதான். சிறிய வாடகை வீட்டுக்காக இவற்றில் ஒன்றைச் செலவழிக்கிறோம் என்பதைத் தெரிந்தே செய்தான்.

கிரானில் உரிமை மாற்றக் கட்டுப்பாடு இருந்தது. மலிவு விலை வீடுகளில் இது வழக்கம், மாநில அதிகாரத்தின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. ஒப்புதல் ஜூலையில் வந்தது, சாவி செப்டம்பரில் கைக்கு வந்தது. ஒப்பந்தத்தின் காலக்கெடு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து ஓடுமாறு வழக்கறிஞர் எழுதியிருந்ததால் தாமத வட்டி இல்லை.

ஓராண்டு

முதல் இரண்டு மாதம் வீடு காலி. நவம்பரில் ஒரு இளம் குடும்பம் வந்தது. இரண்டு மாத வாடகை பாதுகாப்பு முன்பணமாகவும் அரை மாத வாடகை நீர், மின்சார முன்பணமாகவும் பெறப்பட்டன. மின்கணக்கும் நீர்க்கணக்கும் அவர்கள் பெயருக்கு மாற்றப்பட்டன. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 22 ரிங்கிட். ஒப்பந்தம் எழுதும்போது தங்கை மகனிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். வாடகை வராவிட்டால் பூட்டை மாற்றுவதோ மின்சாரத்தைத் துண்டிப்பதோ இந்த நாட்டில் வீட்டுக்காரரின் உரிமையன்று. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்க வேண்டும். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும், சம்பளச் சீட்டைக் கேட்பதில் வெட்கமில்லை.

2025 ஆகஸ்ட் இறுதியில் பன்னிரண்டு மாதக் கணக்கை முடித்தோம். வந்த வாடகை 6,500 ரிங்கிட். கூரை உத்தரமும் கழிவுநீர்க் குழாயும் சேர்ந்து பழுதுச் செலவு 1,140 ஆகிவிட்டது. ஏஜெண்டுக்கு முழு மாத வாடகை 650, வரியும் காப்புறுதியும் 340. மிஞ்சியது 4,370, கட்டிய தவணை 6,232. துண்டு 1,862 ரிங்கிட், மாதம் 155. நான் சொன்ன 46-இன் மூன்று மடங்குக்கும் மேல். என் கணக்கில் இருந்த குறை எது என்று தேடினால், ஏஜெண்ட் கூலியை ஈராண்டுக்குப் பகிர்ந்ததும், முதல் ஆள் வருமுன் உள்ள காலி மாதங்களைத் தனியே எழுதாததும்தான். சராசரி எடுத்தது தவறில்லை, முதல் ஆண்டு சராசரியாக இருக்கும் என்று அவனை நம்பவிட்டதே தவறு. கையிருப்பு இருந்திருந்தால் குழாய் உடைந்த மாதத்தில் அவன் தாயாரிடம் 600 ரிங்கிட் கடன் வாங்கியிருக்க மாட்டான்.

வருமான வரிப் பாரத்தை நிரப்பும் முறையை விளக்கியபோது அவன் சிரித்தே விட்டான். கையில் 1,862 ரிங்கிட் நட்டம், ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதத்தை ஓராண்டாக வைத்துப் பார்த்தால் வரிக்குரிய வாடகை வருமானம் சுமார் 1,394 ரிங்கிட். அசல் செலவாகாது, முதல் வாடகைக்காரரைப் பிடித்துத் தந்ததற்கான கூலியும் செலவாகாது, வாடகைக்கு விடுமுன் செய்த பழுதும் அக்காலத்து வட்டியும் வரியும் செலவாகா. கழிக்கக்கூடியவை வாடகைக்கு விட்ட பிறகுள்ள வட்டி, நில வரி, கதவு வரி, காப்புறுதி, பழுதுச் செலவு ஆகியவையே. வாடகையில் நட்டமே வந்திருந்தாலும் அதைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தான். அவற்றை மாதவாரியாகக் கோப்பில் கட்ட வைத்தேன்.

2025 ஜூலை 9-ஆம் நாள் ஓபிஆர் 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைந்ததால் தவணை ஏறத்தாழ 15 ரிங்கிட் இறங்கியது. நவம்பரில் அதே குடும்பம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. இம்முறை ஏஜெண்ட் இல்லை. முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டதால் முத்திரை வரி 32 ரிங்கிட். வாடகையை 680 ஆக்கலாமா என்று அவன் கேட்டான். ஒரு மாதம் வீடு காலியானால் 650 போகும், 30 ரிங்கிட் ஏற்றத்தால் ஆண்டுக்கு வருவது 360 என்று மட்டும் எழுதிக் காட்டினேன். வாடகை 650-லேயே நிற்கிறது. அவன் தன் சம்பளத்திலிருந்து மாதம் 100 ரிங்கிட்டை வீட்டுக்கென்று தனிக் கணக்கில் போட்டு வருகிறான், இப்போது அதில் 400 ரிங்கிட் இருக்கிறது.